பாண் வேண்டாத பறவைகள்

சனிக்கிழமை. காலை ஆறரை.
காக்கைத்தீவுக் கடற்கரை.
களனி ஆறு கடலில் கலக்கிற இடத்தில்
தண்ணீர் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.
ஈர மணல், கழுவி வைத்த தட்டு மாதிரி
பளபளவென்று கிடந்தது.

கழன்ற சைக்கிள் செயினோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் அப்பா.
தம்பி றெக்சன் கையில் கால் றாத்தல் பாண்.
"இன்னைக்கு எல்லாருக்கும்
நான்தான் சாப்பாடு!" என்றான்.
அவனுக்கு நாலரை வயது.
எனக்கு எட்டு.

முதலில் வந்தது உள்ளான் கூட்டம்.
ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு.
அலை போனால் பின்னால் ஓட்டம்,
அலை வந்தால் முன்னால் ஓட்டம்,
கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத
சாவி கொடுத்த ஓட்டம்!

பாணைப் பிய்த்து எறிந்தான் றெக்சன்.
ஒரு உள்ளான் நின்றது.
பார்த்தது.
தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தது.
போய்விட்டது.

காகம் வந்தது.
(காக்கைத்தீவில் காகம் வராமல் இருக்குமா?)
பாண் போச்சு.

"அப்ப இதுகள் என்னதான் தின்னும்?"

கேட்டால் சொல்லுமா பறவை?
குந்தினோம்.
மூச்சையும் மெதுவாக விட்டோம்.

ஓடிய உள்ளான் சட்டென்று நின்று
'டக்' என்று கொத்தியது மணலை.
மூக்கு நுனியில் நூல் மாதிரி ஒரு புழு!
நாங்கள் நின்ற இடத்திலும்
கீழே புழு இருக்குமோ?
றெக்சன் மெல்லக் காலைத் தூக்கிப் பார்த்தான்.

தேங்கிய தண்ணீரில் சின்னக் கொக்கு.
கால் இரண்டும் கறுப்பு.
பாதம் மட்டும் மஞ்சள்,
புதுச் செருப்புப் போட்ட மாதிரி.
ஒரு செருப்பை நீருக்குள் விட்டுக்
கிடுகிடுவென்று ஆட்டும்.
பயந்து பாயும் குட்டி மீன்.
பாய்ந்த இடத்தில் கொக்கின் வாய்.

"அது ஏமாத்துது!" என்றான் றெக்சன்.
பிறகு தன் செருப்பையும் ஆட்டிப் பார்த்தான்.
ஒன்றும் வரவில்லை.

தூரத்தில் தனியாக ஒரு கோட்டான்.
ஆந்தை இல்லை, பயப்படாதீர்கள்.
பெயர் மட்டும்தான் அப்படி.
இதன் மூக்கு நீளம்,
நுனி கீழே வளைந்த நீளம்.
நண்டு வளையும் வளைவு, மூக்கும் வளைவு!
உள்ளே விட்டது, வெளியே இழுத்தது,
நண்டைப் பிடித்து உதறு உதறென்று உதறியது.
கால்கள் கழன்று விழ,
நண்டு உருண்டையாய் உள்ளே போனது.

மேலே ஆலா ஒன்று
காற்றில் நின்ற இடத்திலேயே சிறகடித்தது.
விழுந்துவிட்டதோ என்று நான் கத்துவதற்குள்
நெத்தலியோடு எழும்பிப் பறந்தது.

றெக்சனிடம் மிச்சம் பாண் ஓரம் மட்டும்.
யாருக்கும் வேண்டாம் என்று
மணலில் வைத்துவிட்டு
முகத்தைத் தொங்கப்போட்டான்.

அப்போதுதான் வந்தது கல்திருப்பி.
செம்மஞ்சள் கால், குள்ள உடம்பு,
தொலைந்த சாமானைத் தேடுகிற மாதிரி நடை.
சிப்பியைப் புரட்டியது.
பாசியைப் புரட்டியது.
யாரோ போட்ட சோடா மூடியைப் புரட்டியது.
பாண் ஓரத்துக்கு வந்தது.

றெக்சன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

கல்திருப்பி
மூக்கை அடியில் விட்டு
ஒரே தள்ளு!
பாண் கவிழ்ந்தது.
அடியில் துள்ளியது ஒரு மணல் பூச்சி.
அதைத் தின்றது.
பாணை விட்டது.
போனது.

"பார்த்தியா! பார்த்தியா!
என்ட பாணுக்குக் கீழதான் அதுக்குச் சாப்பாடு!"
றெக்சன் குதித்த குதியில்
கூட்டம் முழுவதும் எழும்பி,
ஒரே பக்கம் திரும்பி,
வெள்ளையாய் மின்னி,
ஆற்றின் அந்தக் கரையில் இறங்கியது.

செயின் மாட்டி முடித்த அப்பா
கறுத்த கையோடு கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் றெக்சன்
பாயைப் புரட்டினான். எறும்பு.
அம்மாவின் செருப்பைப் புரட்டினான். மணல்.
சாப்பாட்டுத் தட்டில் இருந்த பாண் துண்டை
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
மூக்காலேயே தள்ளிப் புரட்டினான்.

கீழே
தேங்காய்ச் சம்பல்.